சாப்பாட்டு மேசையில் ஒரு கணினி

பாசிர் கூடாங் பக்கம் இருக்கும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் எனக்கு ஒரே வேலைதான். பச்சை நிறச் சர்க்யூட் போர்டு ஒன்று கைக்கு வரும். அதை ஸ்கோப் என்று நாங்கள் சொல்லும் உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, குனிந்து கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா, எங்காவது விரிசல் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்த்து, சுத்தமாக இருந்தால் "பாஸ்" என்று சொல்லி முத்திரை குத்தி அடுத்த கைக்குத் தள்ளுவேன். இல்லையென்றால் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவேன். சீனிக் குருணையைவிடச் சின்னச் சாமான்கள் எல்லாம் ஸ்கோப்பில் செங்கல் மாதிரித் தெரியும். அவற்றைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் அரிசியில் கல் பொறுக்கும்போதுகூட வாய் தானாகவே "பாஸ், பாஸ்" என்று முணுமுணுக்கும். என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

உற்பத்தி லைனில் விதிகள் நிறைய. அதில் ஒன்றை நான் மறக்கவே முடியாது. செம்புத் தகடோ கண்ணாடியோ, எதன் மேல் பாதுகாப்புக்காக மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் ஒட்டியிருந்தாலும் அதை நாங்கள் உரிக்கக் கூடாது. உரிப்பது வேறு யாருடைய வேலையோ. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அழுக்காக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் ஒன்றை உரித்துவிட்டேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்துப் போடும்போது அவமானத்தில் என் காது சுட்டது. அன்றிலிருந்து பிலிம் என்றால் என் விரல் இரண்டு அங்குலம் தள்ளியே நிற்கும்.

ஒவ்வொரு போர்டின் மூலையிலும் வெள்ளை நிறத்தில் இரண்டு எழுத்து அச்சாகியிருக்கும். அந்தப் போர்டை வரைந்தவருடைய முதலெழுத்துகள். வரைகிறவர்கள் மாடியில் குளுகுளு அறையில் இருந்தார்கள். நாங்கள் கீழே. அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் எழுத்து தெரியும். ஒருவர் அழகாக இடைவெளி விட்டு வரைவார். இன்னொருவர் சாமான்களைப் பண்டிகைக் காலத்துப் பேருந்து மாதிரி நெருக்கியடித்து வைப்பார். அந்த எழுத்துக்காரரை நான் பார்த்ததே இல்லை, ஆனால் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். திட்டுகிற ஒவ்வொரு முறையும் மனசுக்குள் ஒரு ஆசை எட்டிப் பார்க்கும். நானாக இருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டேனே என்று.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், கேன்டீன் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். வரையும் பிரிவில் இரண்டு இடம் காலி. லைனில் வேலை செய்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டம் தேவையில்லை. ஐந்து வாரத்தில் ஒரு தேர்வு வைப்பார்கள். கணினியில் ஒரு சின்ன போர்டை இரண்டு மணி நேரத்தில் வரைந்து காட்ட வேண்டும். அதற்கான மென்பொருளை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பழகிப் பார்க்க, சனிக்கிழமை ஒரு மணி நேரம் மாடியில் பயிற்சி அறை திறந்திருக்கும்.

நான் அன்றைக்கே பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். சம்பளம் கூடும், ஷிப்ட் தொல்லை தீரும், எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு வேண்டியது அந்த மூலை. என் அப்பா பெயரின் முதலெழுத்தும் என் பெயரின் முதலெழுத்தும் அங்கே வெள்ளையாக உட்கார வேண்டும். லாயாங் லாயாங்கில் தோட்டத்து வீட்டில் பிறந்து, பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் கணக்கு ஒன்றில் மட்டும் ஒழுங்காகத் தேறி, பதினெட்டு வயதில் ஸ்கோப்புக்கு முன் உட்கார்ந்தவள் நான். எனக்கு அது பேராசையாகப் படவில்லை.

முதல் சனிக்கிழமை பயிற்சி அறைக்குப் போனேன். ஒரு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது, மவுசை எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும்தான். வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் அந்த மென்பொருளைத் திறந்தால், நான் தேநீர் போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் திறந்துகொண்டே இருந்தது. வீட்டில் ஒழுங்கான கணினி இல்லாமல் இந்தத் தேர்வு நடக்காது என்று புரிந்துவிட்டது. கடையில் பூட்டி விற்கிற கணினியின் விலையைப் பார்த்தேன், மூடிவிட்டேன். சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நாமே பூட்டினால் பாதி விலைக்கு முடியும் என்று இணையத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள்.

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என் கொழுந்தனார் சாப்பிட வருவார். கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறவர். குடும்பத்துக்கே கணினி நிபுணர் என்று அவருக்கு அவரே பட்டம் கொடுத்துக்கொண்டவர். யார் வீட்டிலாவது பிரின்டரைச் சரி செய்து கொடுத்தால், அடுத்த தீபாவளி வரை அதைச் சொல்லிக் காட்டுவார். மீன் குழம்பு பரிமாறிக்கொண்டே, நானே கணினியைப் பூட்டப் போகிறேன் என்று சொன்னேன். அவருக்குப் புரையேறிவிட்டது.

"அண்ணி, இது என்ன மிக்சியா? கொஞ்சம் தப்பா மாட்டினாலும் எல்லாம் போயிரும். சும்மா இருங்க லா."

"போர்டப் பத்தி எனக்கு நீ சொல்லித் தரியா தம்பி?"

"போர்டப் பாக்குறது வேற, பூட்டுறது வேற அண்ணி. நீங்க பூட்டி அது ஓடிச்சுன்னா, இந்த நடு வீட்டுல நின்னு அண்ணி கெட்டிக்காரின்னு சத்தமாச் சொல்றேன்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். கரண்டியைச் சட்டியில் போட்டேன். "ஓடலன்னா நான் அந்த டெஸ்டுக்கே போகல. போதுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பத்தொன்பது வருட ஆசையை ஒரு மீன் குழம்புச் சண்டையில் பணயம் வைத்துவிட்டேன். திருப்பி எடுத்துக்கொள்ள என் ரோஷம் விடவில்லை. என் வீட்டுக்காரர் சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுகிறவர். வாரம் முழுக்கப் பாலத்து நெரிசலில் பொறுமையைப் படித்தவர். அவர் மட்டும் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சொன்னார்.

"வாங்கிக்கோம்மா. எரிஞ்சா போம்பாவக் கூப்புடலாம்."

தீயணைப்புக்காரர்களைத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆதரவு.

ஜொகூர் பாரு டவுனில் ஒரு பழைய வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் கணினிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் போனது அதில் ரொம்பக் குறுகலான கடை. என் வயதுச் சீனப் பெண் ஒருத்திதான் கடைக்காரி. என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "அக்கா, மகனுக்கா?" என்று மலாயில் கேட்டாள். எனக்கு என்றேன். பட்டியலை இன்னொரு தடவை, இந்த முறை மரியாதையாகப் படித்தாள். பிறகு பேனாவை எடுத்து, கண்ணாடி வைத்த கேசிங் பெட்டி, கலர் விளக்கு எரியும் காற்றாடி இரண்டையும் அடித்தாள். விளக்கா வரையப் போகிறது என்றாள். ஒரு பக்கம் லேசாக நசுங்கிய கறுப்புக் கேசிங் ஒன்றைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாள். ஆனால் பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்று கறாராகச் சொல்லி, நான் எழுதியிருந்ததைவிட நல்லதைக் கொடுத்தாள்.

கணினியின் மூளையான புராசசரைப் பழையதாகத்தான் வாங்க முடிந்தது. ஒரு தட்டில் நாலைந்து வைத்திருந்தாள். நான் கைப்பையிலிருந்து என் பூதக்கண்ணாடியை எடுத்தேன். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைப்பார்களே, அந்த மாதிரிச் சின்னது. ஒவ்வொன்றையும் புரட்டி, அடியில் இருக்கும் கம்பிகளை வரிசை வரிசையாகப் பார்த்தேன். முதலாவதில் ஓரத்தில் ஒரு கம்பி வளைந்திருந்தது. வேண்டாம் என்றேன். இரண்டாவதில் ஏதோ பசை காய்ந்து ஒட்டியிருந்தது. வேண்டாம். மூன்றாவதைப் பார்த்து என் வாய் தானாக "பாஸ்" என்றது. கடைக்காரி அந்த முதலாவதை வாங்கி, தானும் பூதக்கண்ணாடியில் பார்த்து, வளைந்த கம்பியைக் கண்டுபிடித்து வாயைப் பிளந்தாள். இவ்வளவு நாளாக அதை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில் புராசசரின் சூட்டை இழுத்துத் தணிக்கும் ஒரு சின்ன கூலரும், அதற்கு அடியில் தடவும் பசைக் குழாயும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை காலை, பயிற்சி அறை முடிந்து வந்ததும், சாப்பாட்டு மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தேன். தலைக்கு வலைத் தொப்பி. மணிக்கட்டில், உடம்பின் மின்சாரம் போர்டைச் சுடாமல் இருக்க நாங்கள் லைனில் கட்டும் அதே பட்டை. வேலை முறையைத் தொழிற்சாலைப் பாணியில் எண் போட்டு ஒரு தாளில் எழுதி, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தேன். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, தண்ணீர் எடுக்கக் கதவைத் திறக்கலாமா, அதற்கும் அனுமதி வேண்டுமா என்று கேட்டார். அவரை வெளியே அனுப்பினேன்.

அந்த இரண்டு மணி நேரத்தை நான் என்னவென்று சொல்வேன்! புராசசரை அதன் குழியில் வைத்தேன். அழுத்தவே இல்லை, அது தானாக இறங்கி உட்கார்ந்தது. ரேம் இரண்டும் "டக், டக்" என்று பூட்டிக்கொண்டன. கேசிங்கின் முன் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயர்களை மாட்டுவதுதான் கொடுமை, கண்ணே தெரியாது என்று இணையத்தில் எல்லோரும் புலம்பியிருந்தார்கள். எனக்கு அந்த ஊசிகள் வேலிக் கம்பு மாதிரித் தெரிந்தன. ஒரே தடவையில் மாட்டினேன். இத்தனை வருடமாகத் துண்டு துண்டாகப் பார்த்ததெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று முதல் தடவையாக என் கை கண்டது. இந்த ஈயப் புள்ளி இதற்காக, இந்தச் சின்னச் சதுரம் அதற்காக என்று ஒவ்வொன்றும் முகம் காட்டியது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கணக்கு விடை சரியாக வரும்போது இருக்குமே ஒரு குதூகலம், அதே குதூகலம்.

கடைசியாக கூலர். புராசசர் மேல் பசையை வைத்து, கூலரைக் கைபடாமல் தூக்கி, அதன் செம்பு அடிப்பாகத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்துத் திருப்திப்பட்டு, அப்படியே உட்கார வைத்து நான்கு திருகையும் முறுக்கினேன்.

என் வீட்டுக்காரர் சந்தனமும் குங்குமமும் கொண்டு வந்தார். புது லாரிக்கு வைத்த மாதிரியே கேசிங்கின் நசுங்கிய பக்கத்தில் பொட்டு வைத்தார். சூடத்தை மட்டும் வாசலோடு நிறுத்தச் சொன்னேன். சாமி கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். காற்றாடி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, பாம்பா என்று கேட்டார்கள். இல்லை மக்சிக், கணினி என்றேன். இதற்கா இந்தக் கத்து என்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் கொழுந்தனாருக்குத் தகவல் போய், அவர் அப்போதே வந்துவிட்டார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் பாயசம் மாதிரி ரசித்தேன். "இரு தம்பி, வேலை செய்யுதா பாரு" என்று வரையும் மென்பொருளைத் திறந்தேன். பொசுக்கென்று திறந்தது. மாதிரி போர்டு ஒன்றை முப்பரிமாணத்தில் காட்டச் சொல்லி, அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டினேன். சில நிமிடம் அழகாகத் திரும்பியது. பிறகு பட்டென்று அணைந்தது.

மறுபடி போட்டேன். ஓடியது. போர்டைத் திருப்பினேன். அணைந்தது. மூன்றாம் தடவை இன்னும் சீக்கிரமாகவே அணைந்தது.

"சொன்னேன்ல அண்ணி," என்றார் கொழுந்தனார். அவர் குரலில் அவ்வளவு இரக்கம். அதைவிட அவர் சிரித்திருக்கலாம். "புராசசர் போயிருக்கும். பழசத் தலையில கட்டிட்டா அந்தக் கடைக்காரி. விடுங்க, அண்ணன் பேருல தவணைக்கு ஒரு லேப்டாப் எடுத்துக்கலாம். டெஸ்டு அடுத்த தடவ பாக்கலாம் லா."

அடுத்த தடவை! பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை ஒட்டிய அறிவிப்பு அது. நான் கைப்பேசியை எடுத்துக் கடைக்காரியை அழைத்துக் கத்தினேன். எனக்குத் தெரிந்த மலாய் வசவுகள் குறைவு, இருந்ததையெல்லாம் போட்டேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, நாளைக்குக் காலையில் கொண்டு வா அக்கா, உன் கண்ணுக்கு முன்னால் சோதித்துக் காட்டுகிறேன், புராசசர் நல்லதாக இருந்தால் எனக்கு ஒரு தே ஆயிஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். பனிக்கட்டி போட்ட தேநீருக்குப் பந்தயம் கட்டுகிறவள் ஏமாற்றுக்காரியாக இருப்பாளா என்ற சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும். கோபக்காரிக்கு அதெல்லாம் வராது.

ஞாயிறு காலை. கடைக்குக் கொண்டுபோக வயர்களைக் கழற்றும் முன், கடைசியாக ஒரு தடவை பக்கவாட்டு மூடியைத் திறந்து வைத்துப் போட்டுப் பார்த்தேன். தொடங்கும்போதே வரும் அமைப்புத் திரையில் புராசசரின் சூட்டைக் காட்டும் ஓர் எண் உண்டு. அது ஏறிக்கொண்டே போனது. எழுபது, எண்பது, தொண்ணூறு. இவ்வளவு சூடா என்று பயந்து, தயங்கித் தயங்கி, மேலே இருந்த கூலரின் தகடுகளில் விரலை வைத்தேன்.

குழாய்த் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

அப்படியே நின்றேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அந்த இடத்தில் லைனில் குறை தேடும் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்துவிட்டாள். அடுப்பு எரிகிறது, தோசைக்கல் சுடவில்லை. அப்படியென்றால் அடுப்பில் குறையில்லை, கல்லிலும் குறையில்லை. நடுவில் என்னவோ இருக்கிறது. நடுவில் நான் வைத்த பசைதான் இருக்கிறது, வேறென்ன இருக்கும்?

மின்சாரத்தை அணைத்து, திருகுகளைக் கழற்றி, கூலரைத் தூக்கிப் புரட்டினேன். பசைக்கு அடியில், செம்பின் மேல், கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பிலிம். ஒரு சுருக்கமில்லாமல், ஒரு விரல் ரேகை படாமல், அவ்வளவு ஒழுங்காக ஒட்டியிருந்தது. பசையைத் துடைத்துப் பூதக்கண்ணாடியை வைத்தேன். ஓரத்தில் சிவப்பு எழுத்தில், மாட்டும் முன் உரிக்கவும் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

முந்தைய நாள் நான் அதைப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன். பிலிம் இருக்கிறது, கிழியவில்லை, பாஸ் என்று என் கண் சொல்லியிருக்கிறது. உரிப்பது வேறு யாருடைய வேலையோ. என் சாப்பாட்டு மேசையில், என் காசில் வாங்கிய கூலரில், அந்த வேறு யாரோ யார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. பதினேழு வருடத்துக்கு முன் கொடுத்த ஒரு கடிதம் இன்னும் என் விரலைப் பிடித்து வைத்திருக்கிறதே என்று அழுதேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்து, "போம்பாவக் கூப்புடவா?" என்றார். பிலிமைத் தூக்கிக் காட்டினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, நானே அதை உரித்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பசை தீர்ந்துவிட்டதால் கடைக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். வழியில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே ஆயிஸ் ஒன்றைக் கட்டி வாங்கிக்கொண்டு, மூன்றாம் மாடிக்குக் குனிந்த தலையோடு போனேன். தேநீரைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பிலிமைக் காட்டினேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "தா பாப்பா லா, அக்கா" என்றாள். பரவாயில்லை, இளைஞர்களும் வந்து இதே கதையைச் சொல்கிறார்கள், ஆனால் யாரும் தேநீர் வாங்கி வந்ததில்லை என்றாள். பசைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் மறுபடி பூட்டினேன். முப்பரிமாணப் படத்தைச் சுற்ற விட்டுவிட்டுச் சமைத்தேன், சாப்பிட்டேன், துணி காயப்போட்டேன். மழை வந்தது, துணியை எடுத்தேன். அது சுற்றிக்கொண்டே இருந்தது. கூலரைத் தொட்டால் இதமாகச் சுட்டது. கொழுந்தனாரை வரச் சொன்னேன். அரை மணி நேரம் அவரே அதைத் திருப்பிப் பார்த்தார், அணையும் அணையும் என்று காத்திருந்தார். பிறகு எழுந்து நடு வீட்டில் நின்றார்.

"அண்ணி கெட்டிக்காரி."

"சத்தமா சொல்றேன்னு சொன்னியே தம்பி."

"அண்ணி கெட்டிக்காரி!" என்று கத்தினார். வேலிக்கு மேல் மக்சிக்கின் தலை தெரிந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்தான்.

அதற்கப்புறம் எஞ்சியிருந்த வாரங்களில், ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டு அந்த நசுங்கிய கறுப்புப் பெட்டிக்கு முன் உட்காருவேன். முதல் போர்டு குப்பை. இரண்டாவதும் குப்பை. ஆறாவதை வரைந்து முடித்து, ஸ்கோப்பில் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு அதற்கு நானே சிவப்பு அம்பு ஒட்டினேன். ஒன்பது அம்பு. பத்தாவது போர்டில் இரண்டே அம்பு. மற்றவர்களுக்கு வரையத் தெரிந்திருக்கலாம். எனக்கு எங்கே உடையும், எங்கே ஈயம் பிடிக்காது, எங்கே லைனில் இருக்கிற பெண் திட்டுவாள் என்று தெரியும்.

தேர்வன்று பதினோரு நிமிடம் மீதியிருக்க முடித்துவிட்டேன். அதற்குப் பிறகு நேர்முகம். வரையும் பிரிவின் மேலாளர், வயதான மலாய்க்காரர், அமைதியானவர். அண்மையில் நீங்கள் செய்த பெரிய தவறு என்ன என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்விக்கு, அதிகம் உழைப்பதுதான் என் தவறு என்று ஏதாவது பூசி மெழுக வேண்டுமாம், தோழிகள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் வேலை அட்டையின் உறைக்குள் செருகி வைத்திருந்த பிலிமை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.

கதை முழுவதையும் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதத்தையும் விடவில்லை. உரிக்காதே என்று எங்களுக்குச் சொன்னீர்கள், யார் உரிப்பது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை, அதையும் எழுதியிருந்தால் என் விரல் இப்படிப் பயந்திருக்காது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, என் பிறவிக் குணம். வேலை போச்சு என்று நினைத்தேன். மேலாளர் பிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்தார். பிறகு, இந்த விதியை எழுதியது நான்தான் என்றார்.

இரண்டு வாரம் கழித்து என்னை மாடிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் மேலாளர் என் மேசைக்கு வந்து, லைனின் விதித் தாளைப் போட்டு, திருத்திக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். பிலிம் பற்றிய வரிக்குப் பக்கத்தில் யார் உரிக்க வேண்டும் என்று எழுதினேன்.

நான் தனியாக வரைந்த முதல் போர்டு, சுவர்க் காற்றாடிக்குள் போகும் ஒரு சின்னத் துண்டு. நெருக்கடி இல்லாமல், இடம் விட்டு வைத்தேன். வரைந்து அனுப்பி, அது அச்சாகி, ஈயம் ஏறி, கீழே லைனுக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் காலை என் கைப்பேசியில் ஒரு படம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் பாதிக்கும் மேல் எனக்குப் பக்கத்து ஸ்கோப்பில் உட்கார்ந்திருந்த தோழி, மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, ஸ்கோப்பின் வழியாக எடுத்திருந்தாள். பச்சை மேல் வெள்ளையாக, செங்கல் பெரிசில், இரண்டு எழுத்து. அப்பாவுடையது, என்னுடையது.

கீழே எழுதியிருந்தாள். "கா, உங்க எழுத்து வந்திருச்சு. பாஸ்."

எனக்குக் கண் மறைத்தது. ஆனாலும் விரல் சும்மா இருக்குமா. "அவசரப்படாத. நல்லாப் பாத்தியா?" என்று அனுப்பினேன்.

"மூணு தடவ பாத்துட்டேன் கா. பாஸ்."